சுடுகாடு இல்லாத ஊர்

உங்களுக்கு எந்த ஊர் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வருகிறது. கேட்டவர் மேல் தப்பில்லை. பதில் சொல்வதற்குள் நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். காரைக்குடிப் பக்கம் என்பேன். காரைக்குடியில் எங்கே என்பார்கள். காரைக்குடி இல்லை, தேவகோட்டை போகிற வழி என்பேன். வழியில் எந்த ஊர் என்பார்கள். ஊர் என்று சொல்ல முடியாது, காளவாசல் என்பேன். காளவாசல் மதுரையில் அல்லவா இருக்கிறது என்பார்கள். அதற்கு மேல் எனக்குப் பொறுமை கிடையாது. ஆமாம், மதுரைதான் என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

எங்கள் காளவாசலின் சரித்திரத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கொத்தமங்கலம், நேமத்தான்பட்டி என்று சுற்றுவட்டாரமெங்கும் செட்டியார்கள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற மாதிரி வீடு கட்டிக்கொண்டிருந்த காலத்தில், செங்கல் சுடுவதற்கு ஒரு பொட்டலில் காளவாசல் போட்டார்கள். மண் வெட்ட, கல் அறுக்க, சூளை அடுக்க என்று நாலா திக்கிலிருந்தும் ஆட்கள் வந்து குடிசை போட்டார்கள். வீடுகள் கட்டி முடிந்தன. சூளை அணைந்தது. கூலிக்கு வந்தவர்கள் அவரவர் ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டுமா இல்லையா? திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. அப்படியே இருந்துவிட்டார்கள். மண் வெட்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது, அது எங்கள் ஊரணி. சூளையில் மிஞ்சிய செங்கல்லில் மூன்றை வேப்பமரத்தடியில் நிறுத்தி மஞ்சள் பூசினார்கள், அது எங்கள் முனீஸ்வரர். சர்க்காரைப் பொறுத்தவரை எங்களுக்குப் பெயர் கிடையாது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய ஊரோடு எங்களைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். பெரிய ஊர்க்காரர்களிடம் இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர்கள் எங்களைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளவே இல்லை.

பள்ளிக்கூடம் பெரிய ஊரில்தான். அங்கே வாத்தியார் என்னை எந்த ஊர் என்று கேட்டபோது காளவாசல் என்றேன். அது ஊர் இல்லை, இடம் என்றார் வாத்தியார். பெண்பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அன்றிலிருந்து என்னோடு சண்டை வந்தால் அவர்களுக்கு வேறு வசவு தேவைப்படவில்லை. ஊரில்லாதவளே என்றால் போதும், நான் அழுதுவிடுவேன். அதனால் எங்கள் காளவாசல் ஓர் ஊர் ஆக வேண்டும் என்பதில் எங்கள் அப்பாவுக்கு அடுத்தபடி வெறி பிடித்து அலைந்தது நான்தான்.

அப்பா கல்யாணமான கையோடு பினாங்குக்குப் போனவர். அங்கே செட்டியார்களின் கடைகளும் தங்குமிடமும் சேர்ந்திருந்த கிட்டங்கி ஒன்றில் சமையல் வேலை. மூன்று வருசக் கணக்கு முடித்துத் திரும்பியவர் மறுபடி போகவில்லை. அதன் பிறகு நான் பிறந்தேன், எனக்குப் பின்னால் இரண்டு தம்பிகள். நேமத்தான்பட்டியில் கல்யாணம், காதுகுத்து என்றால் சமையலுக்குப் போவார். மற்ற நாட்களில் பினாங்கைப் பற்றிப் பேசுவார். பினாங்கில் ஆள் நுழைய முடியாத சந்துக்குக்கூடப் பெயர்ப்பலகை உண்டாம். நமக்கு அந்தச் சந்துக்குள்ள மரியாதைகூட இல்லையே என்று மாய்ந்து மாய்ந்து போவார். அம்மாவோ பினாங்கு என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு எதற்குத்தான் முகம் மலர்ந்தது? ‘நான்தான் இந்த வீட்டுக்குத் தலைச்சன்’ என்று தம்பிகளிடம் நான் அதிகாரம் பண்ணினால், என்ன ஏது என்று கேட்காமல் என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பாள். மூத்த பிள்ளைக்குரிய மரியாதை எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

அறுபதுகளின் கடைசியில், ஒரு பங்குனி மாதம், மேலக்கோடி வீட்டுப் பெரியம்மா ஒருத்தி இறந்துபோனாள். எங்கள் காளவாசலில் யாருக்காவது உடம்பு முடியாமல் போய், இனித் தேறாது என்று தெரிந்தால், மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவர்களுடைய பூர்வீக ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். உயிர் எங்கே போனாலும் உடம்பு பிறந்த மண்ணில் வேக வேண்டுமாம். வாழ்கிறவரை இங்கே, செத்தால் அங்கே. அதனால் எங்களுக்கு ஒரு சுடுகாடு இல்லாததை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் அந்தப் பெரியம்மாவுக்குப் பூர்வீகத்தில் ஒரு ஆளும் மிச்சமில்லை. பெரிய ஊர்ச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று பாடை கட்டினார்கள். அங்கே மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊருக்குள் பிணம் வரக்கூடாது. மறித்து நிறுத்திவிட்டார்கள். கடைசியில் வறண்டு கிடந்த கண்மாய்க்குள் இறங்கி, கருவேல முள்ளைக் கோடரியால் வெட்டி வழிபண்ணிக்கொண்டு, ஊரைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா காலெல்லாம் முள் குத்தித் திரும்பிவந்தார். அன்றைக்கு அவர் குளித்துவிட்டுச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டவுனிலிருந்த ஆபீசுக்குப் போனார். தெருவிளக்கு வேண்டும், பஸ் நிற்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காளவாசல் தனி ஊர் என்று ஆக வேண்டும். அங்கே வெற்றிலை குதப்பிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா, கோயில் இருக்கா, ஊரணி இருக்கா, சுடுகாடு இருக்கா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். சுடுகாடு மட்டும் இல்லை என்றாராம் அப்பா. "சுடுகாடு இல்லையா? அப்புறம் என்னய்யா ஊரு?" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் வெற்றிலை துப்பப் போய்விட்டாராம்.

போகிறபோக்கில் ஒருவர் எச்சிலோடு துப்பிய வார்த்தை அது. அதை அப்பா சட்டமாக எடுத்துக்கொண்டார். பினாங்கு பார்த்த மனுசனுக்கு இது தோன்ற வேண்டாமா? காளவாசலில் மீசை வைத்த ஆம்பிளைகள் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா? எல்லாரும் வேப்பமரத்தடியில் கூடி, ஆமா ஆமா என்று தலையை ஆட்டினார்கள். அன்றைக்கு அப்பா பேசியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"கோயிலு வந்துருச்சு, ஊரணி வந்துருச்சு. ஆனா இந்த மண்ணுல நம்ம ஆளு ஒருத்தரையாச்சும் வச்சிருக்கமா? ஒருத்தரை வச்சாத்தானப்பா அது நம்ம மண்ணு!"

எங்கள் பக்கத்தில் எரித்தாலும் புதைத்தாலும் ‘வைத்தார்கள்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சு அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. சோறு தின்னும்போது சொல்வார், வெங்காயம் உரிக்கும்போது சொல்வார், வழியில் போகிறவனை நிறுத்தி வைத்துச் சொல்வார். ஒருத்தரையாச்சும் வச்சிருக்கமா? வீட்டில் அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா எதையாவது ணங்கென்று கீழே வைப்பாள். கரண்டி, குடம், அரிவாள்மணை, கைக்கு எது அகப்படுகிறதோ அது. ஊருக்கு நல்லது பண்ணினால் இவளுக்கு ஏன் வயிறு எரிகிறது என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

சுடுகாட்டுக்கு இடம் பார்த்தாயிற்று. காளவாசலுக்குத் தெற்கே ஒரு மேடு, அதில் ஒற்றை உசிலை மரம். தெற்குத் திசை, மழைத்தண்ணீர் நிற்காது, யாருடைய பட்டாவும் இல்லை. அப்பாவுக்கு ஒரே சந்தோசம். ஆனால் இடம் மட்டும் இருந்தால் போதுமா? முதலில் ஒருவர் சாக வேண்டுமே. இதை யார் வாய்விட்டுச் சொல்வது? எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். இருமினால்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சளி பிடித்த கிழவர்கள் வெளியே வரவே பயந்தார்கள்.

அப்போதுதான் எங்கள் சின்னத்தாத்தா ஊரணிப் படியில் வழுக்கி விழுந்தார். அப்பாவுக்குச் சித்தப்பா அவர். சூளை எரிந்த காலத்தில் நெருப்புப் பார்த்தவர், பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு தனிக்குடிசையில் இருந்தார். ஒரே மகளைத் திருவாடானைப் பக்கம், எங்கள் பூர்வீக ஊரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார். இடுப்பில் அடி. படுத்த படுக்கை. கஞ்சி இறங்கவில்லை. மகள் வண்டி பூட்டிக்கொண்டு வந்து நின்றாள். வழக்கப்படி அவரைத் தூக்கி வைக்கோலில் கிடத்தி அனுப்பியிருக்க வேண்டும். அப்பா வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அத்தை அழுதாள், கத்தினாள், மண்ணை வாரித் தூற்றப் போனாள். அப்பா அவளிடம் பேசாமல் நேரே தாத்தாவிடம் போய்க் குனிந்தார்.

"சித்தப்பு, நீங்கதான் இங்க மொத ஆளு. கொட்டு வைக்கிறோம், வேட்டுப் போடுறோம், பூவாலயே தேரு கட்டித் தூக்குறோம். காளவாசல் இருக்கவரைக்கும் ஒங்க பேரச் சொல்லும். அங்குட்டுப் போனா பத்தோட ஒண்ணா எரிச்சுட்டு வந்துருவாக."

சின்னத்தாத்தா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "எந்த ஊர்க் கொட்டு?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், அவர் போகவில்லை. அத்தை வெறும் வண்டியோடு திட்டிக்கொண்டே திரும்பினாள். அன்றிலிருந்து எங்களுக்குப் பிடித்தது சனியன். மொத ஆள் அல்லவா? மொத ஆள் கேட்டதைக் கொடுக்காமல் இருக்க முடியுமா? கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்றார், கொண்டுபோனார்கள். நாட்டுக்கோழி அடித்து ரசம் வைக்கச் சொன்னார், வைத்தார்கள். செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைக்கப் போன அப்பா அவருக்காகவே கந்தரப்பமும் சீயமும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் மூன்று பேர் வாயும் பார்த்துக்கொண்டிருக்க அவ்வளவும் சின்னத்தாத்தாவுக்குப் போயிற்று. தினமும் காலையில் அவருக்குக் காப்பித்தண்ணி கொண்டுபோய், அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவந்து சொல்கிற வேலை என்னுடையது. கதவைத் திறந்ததும் அவர் கேட்பார்.

"என்னாத்தா, மூச்சு இருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னானா ஒங்கப்பன்? கெடக்குன்னு போய்ச் சொல்லு. சாயங்காலம் ஆட்டுக்காலு இருந்தா ஒருவேளை போனாலும் போகும்னு சொல்லு."

நான் அதை அப்படியே போய்ச் சொல்வேன். அப்பா ஆட்டுக்காலுக்கு ஆள் அனுப்புவார். ஊரே உட்கார்ந்து ஊட்டினால் எந்த மனுசன் சாவான்? ஒரு மாதத்தில் கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். ஆனி முடிவதற்குள் கம்பு ஊன்றி ஊரணிவரை நடந்தார். கன்னத்தில் சதை போட்டிருந்தது. அவரைப் பார்க்கிறபோதெல்லாம் அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கும்தான். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சீக்கிரமே சுடுகாடு வரப்போகிறது என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டிருந்தேன். எப்போது எப்போது என்று அவர்கள் கேட்டே என்னைக் கொன்றார்கள்.

இதற்கு நடுவில் அம்மா வேறு. ஊர்க்காரியத்தில் ஒரு வார்த்தை பேசாதவள், சுடுகாட்டு இடம் என்றதும் மட்டும் புதுசாக வாய் முளைத்தவள் போல் குறுக்கே விழுந்தாள்.

"அந்த மேடு வேணாங்க. வேற எடம் பாருங்க. ஆடிக் காத்துக்குப் புகை பூரா வீட்டுக்குள்ளதான் வரும்."

"ஆடிக் காத்து மேற்க இருந்துல்ல வருது? மேடு தெக்கல்ல இருக்கு?"

"அப்ப ஆடு எங்க மேயும்?"

"ஆட்டுக்கு அந்த ஒரு மேடுதானா? கண்மா பூராக் கெடக்கே."

"புள்ளைக பயப்படும்."

"எனக்கு ஒண்ணும் பயமில்லை" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று ஒதுங்கினேன். அவள் அடிக்கவில்லை, அடுப்பை ஊதப் போய்விட்டாள். காரணம் சொன்னால் உருப்படியாக ஒரு காரணம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பேசாமல் இருக்க வேண்டும். இரண்டும் கிடையாது. வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான் அவள் பேச்சு. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நானும் அவரைப் பார்த்து அடித்துக்கொண்டேன்.

ஒருநாள் சின்னத்தாத்தாவுக்கு ஓர் ஆசை வந்தது. தன்னை வைக்கப்போகிற இடத்தைத் தானே பார்க்க வேண்டுமாம். அப்பாவுக்கு உயிர் வந்தது. கிழவருக்கு ஒரு பிடிப்பு ஏற்பட்டுவிட்டது என்று நினைத்தார். கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். வீட்டிலிருந்து தெற்கே திரும்புகிறவரை தாத்தா வேட்டைப் பற்றியும் கொட்டைப் பற்றியும் கேட்டுக்கொண்டே வந்தார். மேட்டின் மேல் உசிலை மரம் தெரிந்ததும் நின்றுவிட்டார்.

"இங்கயா?"

"ஆமா சித்தப்பு. நல்லா மேடா, காத்தாட இருக்குல்ல?"

"இங்க வேணாம்ப்பா."

"ஏன் சித்தப்பு?"

"வேணாம்னா வேணாம். என்னைய இங்க வைக்காதீக. யாரையும் வைக்காதீக."

ஏன், என்ன, எதற்கு என்று அத்தனை பேரும் சுற்றி நின்று கேட்டார்கள். கெஞ்சினார்கள், கோபித்தார்கள். அந்த வாய் கருவாட்டுக்கும் ஆட்டுக்காலுக்கும் எப்படியெல்லாம் பேசிய வாய்! இறுகப் பூட்டிக்கொண்டது. திரும்பிப் போகும்போது எங்கள் வீட்டு வாசலில் நின்று, உள்ளே புடைத்துக்கொண்டிருந்த அம்மாவை ஒரு நிமிசம் பார்த்தார். அம்மாவும் சுளகைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். மறுநாள் காலையில் காப்பித்தண்ணியோடு போனேன், குடிசை திறந்து கிடந்தது. ஆள் இல்லை. பஸ் நிற்காத எங்கள் பாதையில், கம்பை நீட்டி மறித்து, பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பஸ் அப்பாவுக்கு ஒருநாளும் நின்றதில்லை!

சில மாதம் கழித்து அங்கேயே அவர் காலமானார். பத்தோடு ஒன்றாகத்தான் எரித்தார்கள். அது பின்னால் நடந்தது. அன்றைக்கு அப்பா கோபத்தில் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. தின்ற சோற்றுக்குத் துரோகம் என்றார். இவள்தான் கிழவரைக் கலைத்துவிட்டாள் என்று அம்மாவைக் குதறினார். அம்மா மறுக்கவுமில்லை, ஒத்துக்கொள்ளவுமில்லை. ஆள் போனால் போகட்டும், இடத்தை விடப்போவதில்லை, முள்ளை வெட்டிப் பள்ளம் மேடு நிரவிக் கொட்டகை போடுகிறோம், செத்தவன் வரும்போது வரட்டும் என்று அப்பா முடிவுகட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் எடுத்துக்கொண்டு ஆம்பிளைகள் எல்லாரும் தெற்கே புறப்பட்டார்கள். நான் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் நடந்தேன். எங்களுக்கு முன்னால் அம்மா அங்கே போய் உட்கார்ந்திருந்தாள்.

உசிலை மரத்தடியில், காலை நீட்டிப்போட்டு, வெறும் தரையில். தலைமுடிகூட அள்ளி முடியவில்லை. பொம்பளை சுடுகாட்டுப் பக்கம் வரலாமா? அதுவும் இத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால்? எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"எந்திரி" என்றார் அப்பா.

அம்மா எழுந்திருக்கவில்லை.

"ஏ இந்தா, ஒன்னையத்தான். மானத்த வாங்காத. எந்திரிச்சு வீட்டுக்குப் போ."

அம்மா எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் பக்கத்துத் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எறும்பை விரட்டுகிறாள் என்று நினைத்தேன். இந்த நேரத்தில் எறும்பு ஒன்றுதான் குறைச்சல்! எனக்கு வந்த கோபத்தில் குடத்தைப் பொத்தென்று வைத்துவிட்டு, "ஒனக்கு நம்ம ஊரு ஊராகவே கூடாதாம்மா?" என்று கத்தினேன். அம்மா என் பக்கமே திரும்பவில்லை. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கிட்டே போய், மற்றவர்களுக்காகச் சத்தமாகச் சொன்னார்.

"இந்த மண்ணுல ஒருத்தரையாச்சும் வச்சிருக்கமாடி? ஊருக்கு ஒரு நல்லது நடக்க விடமாட்டியா?"

அம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் குரல் சண்டைக்குரலாக இல்லை. நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"ஒருத்தரையும் வைக்கலயா? நீங்க பினாங்குல இருந்தீக. கடுதாசியில எழுதிவிட்டேன். போயிருச்சுன்னு எழுதுனேனே, எங்க வச்சீகன்னு ஒரு வார்த்தை கேட்டீகளா? வந்த பெறகாவது கேட்டீகளா?"

தொடங்கிவிட்டாளா பினாங்கை என்று எனக்கு வெறுத்துப்போயிற்று. எங்கே என்ன பேச்சு நடக்கிறது, இவள் எந்தக் காலத்துச் சண்டையை இழுக்கிறாள்! ஏதோ ஆட்டுக்குட்டியோ மாடோ போனதைச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்பா இப்போது ஒரு போடு போடுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவருடைய கால் அம்மா தட்டிக்கொண்டிருந்த இடத்துக்குக் கிட்டே இருந்தது. அதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் வந்தார். பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்துவிட்டார்.

வந்திருந்தவர்களில் வயதானவர் ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்கப்பா போவம்" என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொருவராகக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்கள். நான் ஒருத்திதான், ஏன் போறீக, ஏன் போறீக என்று ஒவ்வொருவர் பின்னாலும் ஓடினேன். போ ஆத்தா என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். பெரிய பெரிய ஆம்பிளைகள், ஒரு பொம்பளை சப்பென்று தரையில் உட்கார்ந்ததற்கு ஊரையே விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அன்று முழுக்க நான் அம்மா கையால் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அப்பா அந்த ஒருத்தரையாச்சும் வச்சிருக்கமா என்ற பேச்சை வாயில் எடுத்ததில்லை. பினாங்கைப் பற்றிப் பேசுவதும் குறைந்துபோயிற்று. சில சாயங்காலங்களில் தெற்குப் பக்கம் தனியாகப் போய்விட்டு வருவார். வேறு இடம் பார்க்கிறார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் எரிச்சல் வரும். இரண்டு வருசம் கழித்துப் பெரிய ஊர்க்காரர் ஒருவருடைய பம்புசெட்டுக்குக் கரண்டு கம்பி இழுத்தார்கள். அது எங்கள் வழியாகப் போயிற்று. போகிறபோக்கில் எங்களுக்கும் விளக்கு வந்தது. கம்பத்தில் பெயர் எழுத வந்தவன் இது எந்த இடம் என்று கேட்டான், காளவாசல் என்றோம், எழுதிவிட்டுப் போய்விட்டான். கோயிலைப் பற்றியோ ஊரணியைப் பற்றியோ ஒரு கேள்வி இல்லை. சுடுகாடு இருக்கிறதா என்று ஈ காக்கைகூடக் கேட்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தேவகோட்டையில் மளிகைக்கடை வைத்திருந்த குடும்பம். எல்லாம் பிடித்துப்போயிற்று. காப்பியை வாய்க்குக் கொண்டுபோன மாப்பிள்ளையின் பெரியம்மா, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பொண்ணு தலைச்சனா? எங்க பையனும் தலைச்சனாச்சே. தலைச்சனுக்குத் தலைச்சன் கட்டுறது எங்கள்ல ஆகாதே."

அப்பா தொண்டையைக் கனைத்தார். இத்தனை வருசம் தலைச்சன், தலைச்சன் என்று நான் அடித்துக்கொண்டது இதற்குத்தானா என்று என்னையே நொந்துகொண்டேன். அடுப்படி வாசலில் நின்ற அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு எட்டு வெளியே வந்தாள்.

"அவ தலைச்சன் இல்ல" என்றாள். "ரெண்டாவது."

"அப்ப மூத்தது?"

"அதும் பொம்பளப் புள்ளதான். பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு. இவுக பினாங்குல இருந்தாக. தெக்க மேட்டுல, உசிலை மரத்தடியில வச்சிருக்கோம்."

அந்தப் பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டு, "தலைச்சன்னா வெளிய சொல்லவா முடியும்? மை எடுக்கத் தோண்டிருவானுகளே" என்று மட்டும் சொன்னாள். "இனி யாரு தோண்டப்போறா" என்றாள் அம்மா.

தலைச்சன் பிள்ளை செத்தால் மந்திரம் பண்ணுகிறவர்கள் குழியைத் தேடிவந்து தோண்டுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பயம். நம்பிக்கையான ஒரே ஓர் ஆள் இருட்டோடு எடுத்துப்போய் வைத்துவிட்டு வருவார். இடம் பெற்றவளுக்குத் தெரியும், வைத்தவருக்குத் தெரியும். யார் கேட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது. வைத்தவர் எங்கள் சின்னத்தாத்தா. பெயர் வைக்காத பிள்ளைக்குக் கொட்டு இல்லை, கருமாதி இல்லை, அதனால் அது ஊர்க்கணக்கில் வரவே இல்லை. முகம் பார்க்காத அப்பாவின் கணக்கிலும் வரவில்லை.

கல்யாணம் நடந்தது. அதைச் சொல்லப் புகுந்தால் எனக்கு வேறு எரிச்சல்கள் வரும், விடுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் அந்த உசிலை மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். வெயில் காலத்தில் உட்கார்ந்திருக்கிறேன், மழை விட்ட மறுநாளும் உட்கார்ந்திருக்கிறேன். கையை ஊன்றி, அன்றைக்கு அம்மா தட்டிக்கொண்டிருந்த தரையைத் தடவிப் பார்த்திருக்கிறேன். அங்கே எறும்பே கிடையாது.